முடிப்பு வேலை

பெரிய வீட்டுக் காரியஸ்தர் குஞ்சிதபாதம் மாதாகோயில் தெருவுக்குள் கால் வைக்கிற வழக்கமில்லை. காரியம் ஏதும் இருந்தால் ஆள் அனுப்புவார். அன்றைக்கு அவரே குடையைப் பிடித்துக்கொண்டு அடைக்கலசாமியின் வாசலில் வந்து நின்றபோது அவன் மனைவி இருதயம்மாளால் சட்டென்று எழுந்திருக்கக்கூட முடியவில்லை. தரையில் பாய் விரித்து, அதன்மேல் ஒட்டுப்போர்வை ஒன்றைப் பரப்பி, நடுவில் மண்டியிட்டிருந்தாள். வாய் நிறையக் குண்டூசி.

"இருக்கட்டும், இருக்கட்டும். உன் வேலையைப் பாரு. அடைக்கலம் எங்கே?"

அவள் வயல் பக்கம் கை காட்டினாள். அவர் வாசலிலேயே நின்று அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போர்வைகள் நீடாமங்கலம் கடைத்தெரு லியாகத் அலி கொடுப்பவை. தையல்கடைகளில் விழும் வெட்டுத்துண்டுகளை அவர் மூட்டையாக வாங்கி, டவுனில் சில வீடுகளில் கொடுத்துக் கட்டம் கட்டமாக ஒட்டுத் தைத்து வாங்குவார். அது மேல்துணி மட்டும்தான். அதற்கடியில் பஞ்சைச் சமமாகப் பரப்பி, கீழே ஒரு துணி வைத்து, மூன்றும் நகராமல் ஓட்டுத்தையலில் பிடித்து, பிறகு குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து இறுக்கி, ஓரத்தை வெட்டிப் பட்டி கட்டினால்தான் போர்வை. லியாகத் அலி இதை முடிப்பு வேலை என்பார். முடித்தவை கொடைக்கானல், ஊட்டி லாட்ஜுகளுக்குப் போகும். இருதயம்மாள் தஞ்சாவூரில் கன்னியாஸ்திரிகளின் போர்டிங்கில் ஐந்தாவது வரை படித்தபோது கற்ற தையல் அது. வீட்டில் மெஷின் கிடையாது. எல்லாம் கைத்தையல். ஒரு போர்வை முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

அடைக்கலசாமி மண்வெட்டியோடு வந்தவன் காரியஸ்தரைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"என்னடா அடைக்கலம், குத்தகையெல்லாம் சர்க்கார்ல பதிவு பண்ணப் போறாங்களாம். கேள்விப்பட்டியா?"

"பக்கத்து வயல் மருதையன் சொல்லிக்கிட்டிருந்தான் ஐயா."

"அவன் சொல்லுவான். செங்கொடி புடிச்சவன். உங்கப்பன் காலத்துலேர்ந்து பெரிய வீட்டு நெலத்துல சாகுபடி பண்றீங்க. என்னிக்காவது அம்மா உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா? அவங்களைக் கொண்டுபோய் ஆபீசர் முன்னாடி நிறுத்துவியா நீ?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"அப்ப பத்து மா நெலத்தையும் விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடு. பண்ணையில உனக்கு என்னைக்கும் வேலை உண்டு. சும்மாவும் கேக்கலை." அவர் இருதயம்மாள் பக்கம் கண்ணைக் காட்டினார். "மாடி ரூம்ல இருக்கிற தையல் மெஷினு, கத்தரி, இஸ்திரிப்பெட்டி, சட்டம், அந்த ரூம்ல உள்ளது அத்தனையும் உன் பொண்டாட்டிக்கு. அம்மாவே சொல்லிட்டாங்க."

பெரிய வீட்டு மாடி அறையை இருதயம்மாள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கொசுவலை ஒட்டுப் போடக் கூப்பிட்டிருந்தார்கள். காலால் மிதிக்கும் தையல் மெஷின், வெல்வெட் துணி மேல் வரிசையாகக் கத்தரிகள், துணியில் கோடு பதிக்கும் பல்சக்கரம், விரலில் மாட்டும் பித்தளை அங்குஸ்தான், சேவல் உருவக் கொக்கி வைத்த கரி இஸ்திரிப்பெட்டி, போர்வையை இழுத்துக் கட்டித் தைக்க ஆளுயரத் தேக்குச் சட்டம். மிராசுதார் உயிரோடு இருந்தபோது தன் மூத்த மனைவிக்காக வாங்கிப்போட்டவை. அந்த அம்மாள் இறந்து, அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, இளையவள் மங்களாம்பிகை அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தாள். மூத்தவள் தொட்ட சாமான் எதையும் அவள் கண்ணில் காட்டக்கூடாது என்று வேலைக்காரிகள் சொல்வார்கள். அன்று கொசுவலையை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கும்போது இருதயம்மாள் மெஷின் சக்கரத்தை ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தாள். அத்தனை வருஷம் ஓடாத சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. அதைக் காரியஸ்தர் கவனித்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வையின் ஓரத்தில் குத்தினாள். எல்லாம் குத்தி முடித்த பிறகும் வாய் திறக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லு" என்று காரியஸ்தர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

"நீ என்ன சொல்றே?" என்று கேட்டான் அடைக்கலசாமி.

"நெலம் உங்களது. நான் என்னத்தைச் சொல்ல?"

"வேணாம்னா சொல்லு. மருதையன் சங்கத்துல சேந்துக்கறேன்."

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு போர்வை மேல் குனிந்தாள். அடைக்கலசாமிக்குப் பயமும் இருந்தது. பக்கத்து ஊரில் எழுதிக் கொடுக்க மறுத்தவன் நாற்றங்காலில் மாடுகள் இறங்கின. நியாயம் கேட்கப் போனவன் மேலேயே போலீஸ் கேஸ் விழுந்தது. வெள்ளிக்கிழமை அவன் பெரிய வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது கட்டை விரலில் மை இருந்தது. பின்னால் பார வண்டியில் மெஷினும் சாமான்களும் வந்தன. தெருவே கூடி நின்று பார்த்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் இருதயம்மாள் மாதிரி சந்தோஷமாக இருந்தவள் அந்தத் தெருவில் யாருமில்லை. சட்டத்தின் இரண்டு உருளைகளிலும் போர்வையைச் சுற்றிக் கட்டினால் துணி மத்தளத் தோல்போல விறைத்து நிற்கும். தரையில் மண்டியிட வேண்டாம். உட்கார்ந்தபடியே ஓட்டுத்தையல் போடலாம். பல்சக்கரத்தை உருட்டினால் கோடு நூல் பிடித்தமாதிரி விழும். நடுவில் தொடங்கி ஓரத்துக்குத் தைத்துக்கொண்டு போனால் துணி சுருங்காது என்று போர்டிங்கில் அன்னம்மா சிஸ்டர் சொன்னது மெஷினில்தான் அவளுக்குப் புரிந்தது. கொட்டாங்கச்சியைக் கரியாக்கி இஸ்திரிப்பெட்டியில் போட்டு ஊதி, பட்டியை மடித்துத் தேய்த்து வைத்துக்கொள்வாள். மூலை திரும்புகிற இடத்தில் மட்டும் மெஷினை நம்பாமல், நூலைத் தேன்மெழுகில் இழுத்து, அங்குஸ்தானைப் போட்டுக்கொண்டு கையால் முடிப்பாள். லியாகத் அலி போர்வையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே டவுன்ல யாருக்கும் குடுக்கப்போறதில்லம்மா. மொத்த முடிப்பும் உனக்குத்தான்" என்றார். மகள் பாத்திமா மேரியைத் தஞ்சாவூர் ஹாஸ்டலில் சேர்க்க முடிந்தது அதனால்தான்.

அடைக்கலசாமி அதே பத்து மாவில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டினான்.

பக்கத்து வயல்காரன் மருதையன் எழுதிக் கொடுக்கவில்லை. அவனுக்கும் ஆசை காட்டினார்கள், மிரட்டினார்கள், அடித்தார்கள். கையில் கட்டோடு ஒரு நாள் அடைக்கலசாமியின் வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"ஆபீசர் பள்ளிக்கூடத்துல உக்காந்து விசாரிக்கப் போறாரு. நீயும் மனு போடு. மிரட்டி வாங்கின கைநாட்டு செல்லாதுய்யா. நெலம் உன் கையிலதான் இருந்துச்சுன்னு நான் சாட்சி சொல்றேன்."

"மெஷின் வாங்கிக்கிட்டேனேடா."

"அது தைச்ச கூலிக்குக் குடுத்ததுன்னு சொல்லு. அக்காவைக் கேப்பாங்க. அக்கா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

இருதயம்மாள் உள்ளேயிருந்து, "சொல்றேன்" என்றாள். சொல்லத்தான் நினைத்தாள்.

விசாரணை நாளில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி நிறைய ஆட்கள். ஆபீசர் சின்ன வயசுக்காரர். குரலை உயர்த்தாமல் பேசினார். மருதையன் சாட்சி சொன்னான். காரியஸ்தர், "யாரும் மிரட்டலைங்க. மனசொப்பி விட்டுக்குடுத்தான், அதுக்குப் பதிலா மெஷின் வாங்கிக்கிட்டான்" என்றார். ஆபீசர் இருதயம்மாளைக் கூப்பிட்டார்.

"மெஷின் எதுக்காகக் குடுத்தாங்கம்மா?"

அவள் அடைக்கலசாமியைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

"பயப்படாம சொல்லுங்க. மனு ஜெயிச்சா நெலம் உங்களுக்கு. மெஷினை அவங்க திரும்பக் கேட்டா அது வேற விஷயம்."

ஆபீசர் சும்மாதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையிலேயே அவள் நின்றுவிட்டாள். உருளையில் பாதி சுற்றிய போர்வை அவள் கண்முன் வந்தது. நிலம் வந்தால் அது அடைக்கலசாமியின் பேரில் வரும். நாளைக்கு அவன் தம்பிகளும் பங்கு கேட்பார்கள். அவளுடையது என்று உலகத்தில் ஒன்று இருக்கிறதென்றால் அது அந்த மெஷின்தான்.

"அவங்க நெலத்தைக் கேட்டாங்க" என்றாள். "இவரு எழுதிக் குடுத்தாரு. அதுக்கு மெஷின் வந்துச்சு."

"மிரட்டினாங்களா?"

"என் காதுபட யாரும் மிரட்டலைங்க."

ஆபீசர் எழுதிக்கொண்டு மனுவைத் தள்ளிவிட்டார். மருதையன் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனான்.

மறு ஞாயிறு பாதிரியார் கோயில் வாசலில் அவளை நிறுத்தி, நஷ்டம் வந்தாலும் பொய் சொல்லாத பெண் என்று நாலு பேர் கேட்க மெச்சினார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். எதற்காக உண்மையைச் சொன்னோம் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

வீட்டில் அடைக்கலசாமி சண்டை போடவில்லை. கை நீட்டவில்லை. அவள் வைத்த சோற்றைத் தின்றான். அவள் காசில் வாங்கிய வேட்டியைக் கட்டினான். மெஷின் ஓடும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான். மழையானாலும் போவான். ஊரில் அவனுக்கு 'மெஷின் மிராசு' என்று பேர் வைத்தார்கள். நடவுப் பெண்கள் வரப்பில் அவனைக் கண்டால் வாயால் கடகடவென்று மெஷின் சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். இருதயம்மாளைப் பற்றி அவர்கள் பேசியது இன்னும் மோசம். துணி தைக்கப் புருஷன் நிலத்தை விற்றவள் என்றார்கள். கைநாட்டு வைத்தவன் அவன். அதை யாரும் சொல்லவில்லை. 

இப்படியே சில வருஷம் போயிற்று. மருதையனுக்குக் குத்தகை பதிவாகி, கையில் சீட்டும் கிடைத்தது. அவன் கடன் வாங்கித் தண்ணீர் மோட்டார் வைத்தான். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமானபோது அவன் வயலில் மட்டும் சேறு கலங்கியது. ஆவணியில் நாற்று முடி தூக்க ஆள் தேவைப்பட்டு, வேறு வேலை இல்லாமல் அடைக்கலசாமி போனான். மத்தியானம் மருதையன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அடைக்கலசாமிக்குத் தன் கையாலேயே டம்ளரை நீட்டி, "அன்னைக்கு நீயும் கொஞ்சம் தாக்குப்பிடிச்சிருந்தா இப்ப நாம ரெண்டு பேரும் ஒரே மோட்டார்ல எறைச்சிருக்கலாம்ண்ணே" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

அடைக்கலசாமி டம்ளரை வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். இருதயம்மாள் மகளைப் பார்க்கத் தஞ்சாவூர் போயிருந்தாள். மெஷினில் ஊசிக்கடியில் ஒரு போர்வை பாதி தைத்தபடி கிடந்தது. அவன் நூலை அறுத்துப் போர்வையைத் தரையில் தள்ளினான். தெருமுனையிலிருந்து மாட்டுவண்டி ஒன்றைக் கூப்பிட்டு வந்து மெஷினை ஏற்றினான். சட்டம், இஸ்திரிப்பெட்டி, கத்தரிகள், எல்லாவற்றையும் ஏற்றினான். பெரிய வீட்டு வாசலுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் நெல் காய்கிற முற்றத்தில் இறக்கி வைத்தான்.

"அம்மா! உங்க சாமான் அத்தனையும் இந்தா இருக்கு. என் பத்து மாவைக் குடுங்க."

மங்களாம்பிகை தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. காரியஸ்தரிடம், "யாருய்யா இவன்?" என்றாள்.

"மாதாகோயில் தெரு அடைக்கலம்மா."

"எந்தப் பத்து மாவைக் கேக்கறான்?"

காரியஸ்தர் சொன்னார். அவளுக்கு நினைவு வரவில்லை. கீழே இறங்கி வந்து மெஷினைக் கிட்டத்தில் பார்த்த பிறகுதான் முகம் மாறியது.

"அந்தப் பொம்பளையோடதுல்ல இது! ஒழிஞ்சுதுன்னு இருந்தேன். இந்தச் சனியனை எதுக்குத் திரும்ப உள்ளே விட்டீங்க? என் கண்ணுல படாம எங்கயாவது தூக்கிட்டுப் போங்க."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அடைக்கலசாமி நெல்லுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். கோபித்துத் திட்டியிருந்தால்கூட அவன் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பான். வெறும் வண்டியோடு வெளியே வந்தான்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய இருதயம்மாளுக்குத் தெருவில் நுழையும்போதே சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்குள் போகவில்லை. கையில் பையோடு பெரிய வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் நெல்லை வாரிக்கொண்டிருந்தவர்கள், காரியஸ்தர் வீட்டுக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். காரியஸ்தர் வீட்டு வாசலை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. யாரோ பழக்கமில்லாமல் மிதிக்கிறார்கள். ஓடுவதும் நிற்பதும் நூல் அறுவதுமாக இருந்தது.

"ஐயா, அது என் மெஷினுங்க."

குஞ்சிதபாதம் ஈசிசேரிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"உன் புருஷன் ஊரறியக் கொண்டாந்து வச்சுட்டுப் போனான். அம்மா என்னை எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. மருமக ஆசைப்பட்டா, குடுத்துட்டேன். இப்ப வந்து கேக்கறது நியாயமா இருதயம்?"

"பத்து மா குடுத்து வாங்கினதுங்க அது."

"அதை நீதானே ஆபீசர்கிட்டச் சொன்னே. நான் எங்கே மறுத்தேன்? திருப்பிக் குடுத்ததைத்தான் சொல்றேன்."

உள்ளே மறுபடியும் நூல் அறுந்தது. "எண்ணெய் போட்டுட்டு மிதிக்கச் சொல்லுங்க" என்று இருதயம்மாள் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று வீடு வரும்வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடைக்கலசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மெஷின் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. மறுநாள் காலையில் பாயை விரித்துப் போர்வையை அதன்மேல் பரப்பினாள். அறுந்த இடத்திலிருந்து கையால் தைக்க ஆரம்பித்தாள். அங்குஸ்தானும் போய்விட்டதால் ஊசியின் பின்முனை விரலில் ஏறியது. துணிக் கிழிசலை விரலில் சுற்றிக்கொண்டு தைத்தாள். போர்வை அகலமானது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் மடிந்தது. அடைக்கலசாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெல்ல நகர்ந்து வந்து மறு ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டான்.

"கையை எடுங்க. துணி அழுக்காயிடும்."

அவன் எடுத்தான். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கே நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான்.

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

"உனக்காகத்தான் வச்சேன் கைநாட்டு."

"எனக்காக வச்சீங்க. உங்களுக்காகக் கொண்டுபோய்க் குடுத்துட்டீங்க. நடுவுல என்னை ஒரு தடவை கேட்டீங்களா?"

"கேட்டேன். நீ வாயைத் திறக்கலை."

ஊசியைக் குத்தி இழுத்தாள். வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

போர்வை முடிய வெகுநாள் ஆயிற்று. பட்டியை வெந்நீர்ச் செம்பின் அடியால் தேய்த்து மடித்துக் கட்டினாள். நீடாமங்கலம் போய்க் கொடுத்தபோது லியாகத் அலி அதை விரித்து, பாதி மெஷின் தையலும் பாதி கைத்தையலுமாக இருந்ததைத் தடவிப் பார்த்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். கூலியைக் குறைக்கவில்லை.

"மனசுக்குச் சங்கடமாத்தாம்மா இருக்கு. ஆனா லாட்ஜ்காரன் இப்பல்லாம் முன்ன மாதிரி கைத்தையலை வாங்கறதில்ல. தோய்ச்சா பஞ்சு சுருண்டுக்குது. டவுன்லயே ஆள் பாத்துட்டேன். மறுபடி மெஷின் வந்தா சொல்லு."

"சரிங்க பாய்."

மறுநாள் விடிந்ததும் இருதயம்மாள் பழைய புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடவுக்குப் புறப்பட்டாள். பெரிய வீட்டு நிலத்தில்தான் நடவு, அந்தப் பத்து மாவில். நடவுப் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி அம்சம். வருஷக்கணக்காக வரப்பில் மெஷின் சத்தம் போட்டுச் சிரித்தவள். இருதயம்மாள் சேற்றில் இறங்கியதும் பெண்கள் நிமிர்ந்தார்கள். எல்லோரும் அம்சத்தைப் பார்த்தார்கள். அம்சம் ஒரு முடி நாற்றை அவள் முன்னால் வீசினாள்.

அவளுக்கு நடவு மறந்துபோயிருந்தது. வரிசை கோணியது. மற்றவர்கள் பின்னால் நகர்ந்து போய்க்கொண்டே இருக்க, அவள் பிந்திப் பிந்தி நின்றாள். வரப்பு மூலையில் அடைக்கலசாமி மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தான். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தவன், திரும்பவும் குனிந்துகொண்டான்.

"குனிஞ்சு நடுடி" என்றாள் அம்சம். "காரியஸ்தர் வர்றாரு."